பெற்றோரைக் கேட்டுச் செய்வதே கித்மத்

பெற்றோருக்குச் செய்ய வேண்டிய கடமைகளைப் பற்றி நம் மேடைகளிலும் ஏடுகளிலும் நிறையவே பேசப்பட்டு வருகிறது. வயதான தாய் தந்தையரை நிர்க்கதியாக விட்டவனைப் பற்றிக் கேட்கும்போது நாம் கண் கலங்குகிறோம். 'அல்ஹம்து லில்லாஹ், நாம் அப்படிப்பட்டவர்கள் அல்லர்' என்று மனத்திற்குள் ஆறுதலும் அடைகிறோம். ஆனால் பெற்றோரைத் தன் வீட்டிலேயே வைத்து, வேளைக்கு உணவும் மருந்தும் கொடுத்துத் தாங்குகின்ற நல்ல பிள்ளையும் அவர்கள் மனத்தைப் புண்படுத்தக் கூடுமா? இந்தக் கேள்வியை என் முன் வைத்தவர், சென்னீர்குப்பத்தில் நான் சந்தித்த ஒரு பெரியவர்.

தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நாற்பது ஆண்டுகள் மளிகைக் கடை நடத்தியவர் அவர். துணைவியார் மௌத்தான பிறகு, அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் மகன் அவரைத் தம்மோடு அழைத்து வந்துவிட்டார். தனி அறை, மின்விசிறி, கட்டில், கிழமை வாரியாகப் பிரித்து வைத்த மாத்திரைப் பெட்டி என்று எதிலும் குறைவில்லை. சாலையில் வண்டிகள் வேகமாக வருவதால் பூந்தமல்லிக் கடைத்தெருவுக்கு அவர் போக வேண்டியதில்லை. ஏமாற்றுக்காரர்கள் பேசிப் பணத்தைப் பறித்துவிடுவார்கள் என்பதால் கைப்பேசியும் வங்கிப் புத்தகமும் மகனிடம் இருந்தன. "அத்தாவுக்கு எதற்கு ஹஜ்ரத் அலைச்சல்? இத்தனை நாள் உழைத்தது போதாதா?" என்றார் மகன். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மகன் தேநீர் கொண்டு வர உள்ளே சென்றபோது பெரியவர் மெல்லச் சொன்னார்: "ஒரு குறையும் இல்லை ஹஜ்ரத். கேட்காமலேயே எல்லாம் வந்துவிடுகிறது. ஆனால் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. பேத்திக்கு நிக்காஹ் முடிவான செய்தியை அச்சடித்து வந்த பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்."

அன்று முதல் அந்த வார்த்தை என் மனத்தை விட்டு அகலவில்லை. ஏனெனில் நானும் என் தாயாரை, 'நீங்கள் அடுப்படிக்கே வர வேண்டாம், உட்கார்ந்திருங்கள் அம்மா' என்று சொல்லிவிட்டு அதைப் பெரிய கித்மத்தாக எண்ணியிருந்தவன்தான்.

இவ்விஷயத்தில் ஆராய்ச்சியாளர்கள் கண்டவற்றையும் சற்றுக் கவனிப்போம். நம் தமிழ்நாட்டில் முதியோர் தொகை வேகமாகப் பெருகி வருகிறது. 2021 இல் மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் வெளியிட்ட அறிக்கையின் மதிப்பீட்டின்படி, இங்கு 100 பேரில் 13 அல்லது 14 பேர் 60 வயதைக் கடந்தவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்திற்கு அடுத்த இடம் நமக்குத்தான். பொருளாதாரத்திற்காக 2019 இல் நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ ஆகியோரும் அவர்தம் சகாக்களும், தமிழ்நாட்டில் தனியே வாழும் 55 வயதிற்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2022 இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 100 க்கு 74 பேரிடம் லேசான அளவிலோ அதற்கு மேலோ மனச்சோர்வின் அறிகுறிகள் காணப்பட்டனவாம்.

இதைப் படிப்பவர், 'எங்கள் வீட்டுப் பெரியவர்கள் தனியாக இல்லையே' எனலாம். உண்மைதான். 2017-18 இல் இந்தியா முழுவதும் 72,000 க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட முதுமை ஆய்வின்படி, தனியே வாழும் முதியோர் 100 க்கு ஏறத்தாழ 6 பேர்தான். மற்றவர்கள் துணையோடோ பிள்ளைகளோடோ பிறரோடோ வாழ்கிறார்கள். ஆகவே பெரும்பாலோருடைய சுகமும் துக்கமும் வீட்டுக்குள் நாம் அவர்களை எப்படி நடத்துகிறோம் என்பதைப் பொறுத்தே அமைகின்றன.

அமெரிக்காவில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்னும் இரு பெண் உளவியலறிஞர்கள் ஒரு முதியோர் இல்லத்தில் நடத்திய சோதனை 1976 இல் வெளியாயிற்று. ஒரு மாடியில் இருந்தவர்களிடம், 'உங்கள் காரியங்களை நீங்களே முடிவு செய்யுங்கள். இந்தச் செடிகளில் விருப்பமானதை எடுத்து நீங்களே வளர்த்துக்கொள்ளுங்கள்' என்று கூறினார்கள். இன்னொரு மாடியில் இருந்தவர்களுக்கும் செடி கொடுத்தார்கள். ஆனால் 'தண்ணீர் ஊற்றுவது முதல் எல்லாவற்றையும் பணிப்பெண்களே பார்த்துக்கொள்வார்கள், உங்களுக்குக் கவலை வேண்டாம்' என்றார்கள். மூன்று வாரங்களில் முதல் பிரிவினரில் 93 சதவிகிதத்தினர் முன்னேறியிருந்தார்கள். எல்லாம் பிறரால் செய்யப்பட்டவர்களில் 71 சதவிகிதத்தினர் தளர்ந்திருந்தார்கள். 18 மாதங்களுக்குப் பின் பார்த்தபோது முதல் பிரிவில் மரணமும் குறைவாக இருந்தது என்றார்கள். அது சிறு கூட்டத்தின் கணக்கு. அந்தக் கணக்கிலும் பிறகு திருத்தம் வந்தது. ஆகவே ஆயுளை அதைக் கொண்டு நாம் அளக்க வேண்டியதில்லை. ஆயுள் அல்லாஹு தஆலாவின் கையில் உள்ளது. ஆயினும் கவனிப்பு இரு பிரிவினருக்கும் இருந்தது என்பதையும், ஒரு பிரிவினருக்கு மட்டும் பொறுப்பு கையில் இருந்தது என்பதையும் மறந்துவிடலாகாது.

நம் மார்க்கம் இவ்விஷயத்தில் என்ன சொல்கிறது? திருமறையின் பனூ இஸ்ராயீல் அத்தியாயம் 23 ஆம் வசனம், முதுமையடைந்த பெற்றோரிடம் 'சீ' என்னும் சிறு சொல்லையும் விலக்குவதை நாம் அறிவோம். அந்த வசனம் அத்துடன் நிற்கவில்லை. அவர்களிடம் கண்ணியமான பேச்சையே பேசும்படி கட்டளையிடுகிறது. பேச்சு என்பது இருவருக்கு இடையில் நடப்பது. 'உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இருங்கள் அத்தா' என்று அன்போடு சொன்னாலும் அதில் கண்ணியம் எங்கே இருக்கிறது?

ஹஜ்ரத் இப்ராஹீம் அலைஹிஸ்ஸலாம் அவர்களுடைய சரித்திரத்தைப் பாருங்கள். மகனை அறுத்துப் பலியிடுவதாகக் கனவு கண்டபோது, அது இறைக்கட்டளையாக இருந்தும், மகனிடம் 'உம் கருத்து என்ன?' என்று கேட்டார்கள் என ஸாஃப்ஃபாத் அத்தியாயம் 102 ஆம் வசனம் தெரிவிக்கிறது. தந்தை மகனைக் கேட்டார் என்றால், மகன் தந்தையைக் கேட்பது எவ்வளவு முதன்மையானது!

கைபரில் ஒருவர் கொலையுண்டபோது, அவருடைய சகோதரர் அப்துர் ரஹ்மானும் உறவினரான ஹுவைய்யிஸா, முஹைய்யிஸா ஆகியோரும் நபிகள் நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்தார்கள். இழப்பு அப்துர் ரஹ்மானுடையது. ஆனால் வந்தவர்களில் அவரே இளையவர். அவர் பேசத் தொடங்கியதும், மூத்தவருக்கு முதலிடம் கொடுக்கும்படி நாயகம் அவர்கள் பணித்தார்கள் என்பது புகாரீ, முஸ்லிம் கிரந்தங்களில் உள்ள செய்தி. பெரியவருக்கு நாற்காலி கொடுத்துவிட்டு, பேச்சை நாமே எடுத்துக்கொள்வது அந்தப் போதனைக்குப் பொருந்துமா?

இனி ஃபிக்ஹுக்கு வருவோம். ஒருவருடைய சொத்தின் மீது அவருக்குள்ள அதிகாரத்தை நிறுத்தி வைப்பதற்கு 'ஹஜ்ர்' என்று பெயர். சிறுபிராயம், புத்தி பேதலிப்பு போன்றவை அதற்குக் காரணங்கள். ஹனஃபீ மத்ஹபிலும் சரி, ஷாஃபியீ மத்ஹபிலும் சரி, முதுமை ஒன்று மட்டுமே அதற்குக் காரணமாகாது. வீண் செலவு செய்கிறவர் விஷயத்தில்கூட, பருவமடைந்த, புத்தியுள்ள மனிதரைத் தடுத்து வைக்கலாகாது என்பது இமாம் அபூஹனீஃபா ரஹ்மத்துல்லாஹி அலைஹி அவர்களின் கருத்து. அதிகாரத்தைப் பறிப்பது அவருடைய மனிதத் தன்மையையே வீணாக்கி மிருகங்களின் நிலையில் சேர்ப்பதாகும். அது பொருள் வீணாவதைவிடப் பெரிய தீங்கு என்பது ஹிதாயாவில் அதற்குக் கூறப்படும் காரணம். வீண் செலவாளி பற்றிய சட்டத்தில் இமாம் அபூயூசுஃப், இமாம் முஹம்மத் இருவரும் மாறுபடுகிறார்கள். ஆயினும் அந்தக் காரணத்தை நம் வீட்டுப் பெரியவரை மனத்தில் வைத்து ஒரு முறை சிந்திக்க வேண்டும்.

'அப்படியானால் அடுப்பை அணைக்க மறந்து வீட்டுக்கே தீ வைத்துவிட்டால்?' என்று கேட்கலாம். நியாயமான அச்சம்தான். மறதிநோய் முற்றியவரைக் காப்பது பிள்ளைகளின் கடமை. ஷரீஅத்தும் அதற்கு இடம் தருகிறது. ஆனால் முன்சொன்ன இந்திய ஆய்வின் ஒரு பகுதியாக நடந்து 2023 இல் வெளியான கணக்கின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் டிமென்ஷியா என்னும் மறதிநோய் உள்ளவர்கள் 100 க்கு 7 பேரளவில்தான். அந்த ஏழு பேருக்குரிய காவலை மற்ற 93 பேர் மீதும் சுமத்துவது அநியாயமாகும். அந்த ஏழு பேரிலும், இன்று கணக்குப் பார்க்க இயலாதவர் எந்தச் சட்டை உடுத்துவது என்று சொல்ல இயலுபவராக இருக்கலாம். எந்த அளவுக்கு இயலாதோ அந்த அளவுக்கே நம் கை நீள வேண்டும்.

ஆகவே, சகோதர சகோதரிகளே! வீட்டில் நிக்காஹ், விற்பனை, வீடு மாற்றம் எதுவானாலும், முடிவு செய்த பிறகு தெரிவிக்காமல், முடிவுக்கு முன்பே பெரியவர்களைக் கேளுங்கள். அவர்கள் சொன்னபடி செய்ய இயலாவிட்டால், காரணத்தைப் பணிவோடு சொல்லுங்கள். அவர்கள் விரும்பிச் செய்யும் வேலையைப் பறிக்காதீர்கள். வழி ஆபத்தானால், வழியை அடைக்காமல் துணைக்கு ஒரு பேரனை அனுப்புங்கள். அவர்கள் பணம் அவர்கள் கையிலேயே இருக்கட்டும். பிறருக்கு ஸதகா கொடுக்கும் இன்பம் முதியவருக்கும் உண்டு. அன்றியும், ஸகாத்துக்கு உடையவரின் நிய்யத் வேண்டும். தந்தையைக் கேட்காமல் மகன் கொடுப்பதால் தந்தையின் ஸகாத் நிறைவேறாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெற்றோரைக் கைவிட்ட பிள்ளைகளிடமிருந்து மாதந்தோறும் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வாங்கிக் கொடுக்க 2007 ஆம் ஆண்டின் சட்டம் வழி செய்தது. சோற்றுக்கும் மருந்துக்கும் சட்டம் வழி காட்டலாம். 'அத்தா, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?' என்று ஒரு மகனைக் கேட்க வைக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. அதற்கு அல்லாஹ்வின் அச்சம்தான் வேண்டும்.

அன்று இஷாவுக்குப் பின் அந்த மகனைத் தனியே அழைத்துப் பெரியவர் சொன்னதை எடுத்துச் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். மறுநாள் அழைப்பிதழ்க் கட்டைத் தந்தையின் கட்டிலில் வைத்து, 'யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் அத்தா, நீங்கள் சொல்லுங்கள்' என்று எழுத உட்கார்ந்தாராம். ஊரில் உள்ள உறவுகளையெல்லாம் ஒவ்வொருவராகப் பெரியவர் சொல்லிக்கொண்டே போனதில், அவற்றுள் பாதிப் பெயர்கள் தமக்கே தெரியாதவை என்று மகன் பின்னர் என்னிடம் கூறினார்.

நம்மைச் சிறு வயதில் வளர்த்த நம் பெற்றோருக்கு வல்ல நாயன் அருள் புரிவானாக! அவர்கள் மனம் நோகாமல் கித்மத் செய்யும் தௌஃபீக்கை நமக்குத் தந்தருள்வானாக! ஆமீன்.