தோட்டத்து ரோட்டை யார் போடுவது?

கேமரன் மலைக்கு நம்மில் பலர் சுற்றுலா போயிருப்போம். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் என்று ஏறும் 59ஆம் எண் சாலை கூட்டரசு சாலை. அதில் குழி விழுந்தால் ஜேகேஆரைக் கேட்கலாம். தாமதம் ஆகலாம், ஆனால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பமில்லை. அதே சாலையிலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத்துக்குள் திரும்பிப் பாருங்கள். லயத்துக்கும் கோயிலுக்கும் போகிற அந்த ரோட்டை யார் சரி செய்யணும்? இங்கேதான் எல்லாரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள்.

காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 109ஆவது பிரிவின்படி மாநிலங்களுக்குச் சாலை மானியம் கிடைக்கிறது. ஒரு மைல் சாலையைப் பராமரிக்க ஆகும் சராசரிச் செலவை, தகுதி பெற்ற சாலைகளின் நீளத்தால் பெருக்கி அதைக் கணக்கிடுகிறார்கள். 'தகுதி பெற்ற' என்ற சொல்லில்தான் விஷயமே. தோட்டத்து ரோடு தனியார் நிலம், அதனால் கணக்கில் வராது. கணக்கில் வராத ரோட்டுக்குக் காசும் வராது.

1929இல் ஜே. ஏ. ரசல் இங்கே போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் தோட்டம் என்றாலே தனி ராஜ்யம். வீடு, தண்ணீர், மருந்து, ரோடு எல்லாம் துரை கொடுத்தால்தான் உண்டு. சுதந்திரத்துக்குப் பிறகு கம்பங்களுக்கும் ஃபெல்டா குடியேற்றங்களுக்கும் அரசாங்கத்தின் சாலைகள் போயின. தோட்டத்தின் கேட் வந்ததும் அந்தச் சாலை நின்றுவிட்டது.

இந்த நிலையில் நம்ம ஆளுங்க செய்வது என்ன? வசூல்தான். எனக்குத் தெரிந்த ஒரு தோட்டத்தில் வீட்டுக்கு 50 வெள்ளி என்று பேசினார்கள். நாலு பேர் வேலை செய்யும் வீட்டுக்கும் அதே 50, தனியாக இருக்கும் பாட்டிக்கும் அதே 50. கேட்டால் "எல்லாருக்கும் சமம் தம்பி, அதானே நியாயம்" என்றார் ஓர் அண்ணன்.

சமம் என்பது நியாயமா? பிட்டுக்கு மண் சுமந்த கதை நமக்குப் புதிதல்ல. வைகை உடைப்பெடுக்கிறது. கரையை அடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரணும் என்று பாண்டிய மன்னன் ஆணையிடுகிறான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்திக் கிழவிக்கும் அதே பங்கு. அவளுக்கு ஆளில்லை. அதனால்தான் சிவபெருமானே கூலியாளாக வந்தார். கதையை நாம் பக்திக்காகக் கேட்கிறோம், சரி. ஆனால் மன்னனின் அளவுகோலில் ஒரு கோளாறு இருந்ததை யாரும் பேசுவதில்லை. எல்லாரையும் ஒரே அளவில் வைத்தான், யாரால் முடியும் என்று கேட்கவில்லை.

என் படிப்பு இதில் இன்னொரு கேள்வியைச் சேர்க்கிறது: ரோட்டை உடைப்பது யார்? அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சாலைச் சோதனை நடந்தது. அதிலிருந்து கிடைத்த விதி: ஓர் அச்சின் எடை இரண்டு மடங்கானால் ரோட்டுக்கு ஏற்படும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகும். ஒரு காரின் அச்சில் அரை டன், நிறைய சரக்கு ஏற்றிய லோரியின் அச்சில் 8 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 16 மடங்கு, சேதமோ 65,000 மடங்குக்கு மேல்! பாட்டிக்குக் காரும் இல்லை, மோட்டாரும் இல்லை. அவர் நடந்து கோயிலுக்குப் போகிறார். லோரி உடைத்த ரோட்டுக்கு அவரிடம் 50 வெள்ளி கேட்கிறோம்.

அப்படியென்றால் கம்பெனிதான் முழுசாகப் போடணுமா? லோரியின் பங்கைக் கம்பெனி கொடுக்கணும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் பள்ளிப் பேருந்தும் அம்புலன்ஸும் அதே ரோட்டில்தான் வரணும். "குவாந்தானில் மீன் பிடிக்கிறவரின் வரிப்பணத்தில் ஒரு கம்பெனியின் நிலத்தை ஏன் மேம்படுத்தணும்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. என் பதில்: நிலம் கம்பெனியின் பெயரிலேயே இருக்கும்வரை பொதுப்பணம் கொடுக்கக் கூடாது. லயம் வரைக்குமான அந்த ரோட்டை மட்டும் கம்பெனி மாநிலத்திடம் ஒப்படைக்கட்டும், அரசாங்கம் அதைச் சாலையாகப் பதிவு செய்யட்டும். அப்புறம் மானியம் கேட்க வழி பிறக்கும். பொதுச் சாலையானால் யார் வேண்டுமானாலும் உள்ளே வருவார்களே என்று நிர்வாகம் தயங்கலாம். இரண்டையும் கையில் வைத்துக்கொள்ள முடியாது, கேட் வேண்டுமென்றால் தார் அவர்களுடைய செலவு.

"நம்மாளுங்கதான் பாதிப் பேர் டவுனுக்குப் போயிட்டாங்களே, இனி எதுக்கு ரோடு?" என்றும் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் உறுத்துவது இந்தப் பேச்சுதான். இன்று கொழுந்து எடுப்பவர்களில் நிறையப் பேர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். ஓட்டு இல்லாததால் எந்த ஒய்பியும் அவர்களுக்காக வரப்போவதில்லை. நம் தாத்தா பாட்டிமாரும் ஒரு காலத்தில் அப்படி வந்து இறங்கியவர்கள்தானே!

மழை இன்னொரு பக்கம். கேமரனில் தாரைக் கெடுப்பதில் லோரிக்கு அடுத்தது தண்ணீர். லோங்காங் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ரோட்டின் அடியில் இறங்கி, போட்ட தார் ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. கோத்தோங் ரோயோங்கில் நாம் செய்யக்கூடிய உருப்படியான வேலை இந்த லோங்காங்கைத் தோண்டுவதுதான். அதற்குக் காசு வேண்டாம், மண்வெட்டி போதும். தார் போடுவதை நாம் கையில் எடுத்தால் கம்பெனியும் அரசாங்கமும் நிம்மதியாகிவிடும்.

இன்னொன்று, ரோட்டின் நீளம், அகலம், எத்தனை இடத்தில் உடைந்திருக்கிறது, எத்தனை வீடுகள், ஒரு நாளில் எத்தனை லோரிகள் என்று அளந்து எழுதிவைக்கலாம். பொறியியல் படிக்கும் நாலு பேருக்கு அது ஒரு சனி, ஞாயிறு வேலை. மாவட்ட மன்றத்துக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எழுதும் மனுவோடு அந்தத் தாளையும் வைக்கலாம்.