உள்ளே போனவர் கடன்

விக்ரோலி கிழக்கில் நெடுஞ்சாலையைத் தாண்டினால் அலையாத்திக் காடு. அதற்கப்பால் தாணே கடற்கழி. மழைக்காலத்துக்கு முன்பே மும்பை மாநகராட்சி ஒரு பட்டியல் வெளியிடும்: எந்தெந்த நாளில் கடல் நாலரை மீட்டருக்கு மேல் ஏறும் என்று. அந்த நாளில் கனமழையும் சேர்ந்துகொண்டால் வடிகால் வாயைக் கடல் அடைத்துக்கொள்ளும். தெருத் தண்ணீர் தெருவிலேயே நிற்கும். தாழ்வான சந்துகளில் அரிசி டப்பா கட்டில்மேல் ஏறும். கேஸ் சிலிண்டர் ஸ்டூல்மேல் ஏறும்.

அந்த அரிசி டப்பாவுக்கும் தென் துருவத்துக்கும் உள்ள உறவு சற்று விசித்திரமானது. அண்டார்டிகாவின் பனி தன் பெரும் நிறையால் சுற்றியுள்ள கடல்நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி கரைந்தால் இழுப்பு தளரும். பக்கத்துக் கடல் தாழும். தூரத்துக் கடல் கூடுதலாக உயரும். மேற்கு அண்டார்டிகாவின் பனி போனால், உலகச் சராசரியைவிட அதிகமாக உயரக்கூடிய கடல்களில் இந்தியப் பெருங்கடலும் ஒன்று. பனிக்கு அருகில் இருப்பவரைவிட அதைக் கண்ணால் காணாதவருக்கே சேதம் அதிகம்.

அப்படியானால் அந்தப் பனிக்கண்டத்தின் காரியங்களில் யாருக்குப் பேச்சுரிமை? இப்போதைக்கு 29 நாடுகளுக்கு. 1959 டிசம்பர் 1 அன்று வாஷிங்டனில் 12 நாடுகள் கையெழுத்திட்ட அண்டார்டிகா உடன்படிக்கையில் ஐ.நா. உறுப்பு நாடு எதுவும் சேரலாம். ஆனால் முடிவெடுக்கும் உரிமை அங்கே கணிசமான ஆய்வு நடத்துபவருக்குத்தான். கணிசமான ஆய்வு என்றால் கப்பல், நிலையம், குளிர்காலம் முழுக்க எரிக்க டீசல். பணத்துக்கு ஆய்வு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் மறுப்பது கடினம்.

விக்ரோலி கண்ணம்வார் நகர்க்காரர்களுக்கு இது புரியாத விஷயமல்ல. ரீடெவலப்மெண்டுக்குப் போகலாமா, எந்த பில்டர் என்பதெல்லாம் சொசைட்டியின் ஜெனரல் பாடியில் முடிவாகும். இருபது வருடமாக வாடகைக்கு இருப்பவருக்கு அங்கே ஓட்டு இல்லை. கட்டடத்தை இடிக்க ஆள் வரும்போது மூட்டை கட்டுவது மட்டும் அவரும்தான்.

இந்த ஏற்பாட்டை வெறும் பணக்காரர் சங்கம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் உலகத்தில் வேறெங்கும் ஒருவரையொருவர் நம்பாத காலத்தில் இதில் சேர்ந்து கையெழுத்திட்டன. ஏழு நாடுகள் அந்த நிலத்துக்கு உரிமை கொண்டாடுகின்றன. பிரிட்டன், அர்ஜென்டினா, சிலி மூன்றும் ஒரே துண்டை ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்கின்றன. அந்த வழக்கையெல்லாம் தீர்க்காமல் அப்படியே உறையவைத்தது உடன்படிக்கை. படைத்தளம் கூடாது, அணுகுண்டுச் சோதனை கூடாது, ஒருவர் நிலையத்துக்குள் மற்றவர் எப்போது வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். அறுபது வருடம் தாண்டியும் அது நிற்கிறது.

இந்தியா இதில் முதலில் வெளியாள். 1956இலேயே அண்டார்டிகா விவகாரத்தை ஐ.நா.வில் விவாதிக்க வேண்டும் என்று கேட்டது. உரிமை கொண்டாடிய நாடுகளின் எதிர்ப்பில் அது நகரவில்லை. 25 வருடம் கழித்து வேறு வழி பிடித்தது. 1981 டிசம்பர் 6 அன்று கடலியல் அறிஞர் காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து, வெளியே மூச்சுவிடாமல், ‘போலார் சர்க்கிள்’ என்ற நார்வே வாடகைக் கப்பலில் புறப்பட்டார்கள். 1983 ஆகஸ்டில் இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தது. அடுத்த மாதமே முடிவெடுக்கும் இடமும் கிடைத்தது.

அந்த வருடம்தான் சிக்கல். மார்ச்சில் அணிசாரா நாடுகளின் மாநாட்டை டெல்லியில் நடத்தித் தலைமையும் ஏற்றிருந்தது இந்தியா. அதே அணியைச் சேர்ந்த மலேசியா, அண்டார்டிகா மனிதகுலம் முழுவதற்கும் பொது என்று அந்த ஆண்டு ஐ.நா.வில் வழக்காடியது. இந்தியா உட்கார்ந்த மேசையிலோ நிறவெறித் தென்னாப்பிரிக்கா, முதல் 12 பேரில் ஒன்றாக, ஏற்கெனவே உட்கார்ந்திருந்தது. அந்த நாட்டோடு 1946இலேயே வணிகத்தை முறித்துக்கொண்ட தேசம் இது.

தவறா? உள்ளே போனதைத் தவறென்று சொல்ல மனம் வரவில்லை. வெளியே நின்றிருந்தால் கை சுத்தமாக இருந்திருக்கும். கையில் ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் ‘உள்ளிருந்து மாற்றுவோம்’ என்பது உள்ளே போகிற எல்லாரும் சொல்வது. நாற்காலி சூடேறியதும் மறந்துபோவதும் அதைத்தான். அடுத்து நடந்ததைப் பார்த்தால் பெருமைப்பட அதிகமில்லை. இந்தியாவும் உட்பட உள்ளே இருந்தவர்கள் 1988இல் முடித்தது, சுரங்கம் தோண்டுவதற்கான விதிமுறை ஒப்பந்தம். மறு வருடம் ஆஸ்திரேலியாவும் பிரான்சும் பின்வாங்கியதால்தான் அது கவிழ்ந்தது. வெளியே மலேசியாவும் சுற்றுச்சூழல் இயக்கங்களும் போட்ட சத்தத்துக்கும் அதில் பங்குண்டு. 1991இல் மாட்ரிட்டில் சுரங்கத்துக்கே தடை வந்தது. சத்தம் போட்ட மலேசியாவும் 2011இல் உடன்படிக்கையில் சேர்ந்துவிட்டது, ஓட்டில்லாத உறுப்பினராக.

ஆக, கதவை நியாயமற்றது என்று சொன்னவர் அதே கதவு வழியாக உள்ளே போகலாம். போனபின் அவர் மேல் ஒரு கடன் ஏறுகிறது: வெளியே நிற்பவரின் கேள்வியைத் தன் வாயால் கேட்பது. இந்தியா அதைப் பாதிதான் தீர்த்திருக்கிறது. அண்டார்டிகக் கடலில் புதிய காப்பகங்கள் அமைவதை ரஷ்யாவும் சீனாவும் முடக்கி வைத்திருக்கையில், கிழக்கு அண்டார்டிகா, வெடெல் கடல் காப்பகங்களை 2021இல் ஆதரித்தது நல்ல காரியம். ஆனால் 2024 மேயில் கொச்சியில் உடன்படிக்கை நாடுகளின் 46ஆவது கூட்டத்தை இந்தியாவே கூட்டியபோதும், நுழைவுச்சீட்டு ஏன் நிலையமாக இருக்க வேண்டும் என்ற கேள்வி எழவில்லை. புதிய நிலையம் கட்டும் பேச்சு எழுந்தது.

பனி உருகுவதை இந்தக் கூட்டம் நிறுத்திவிடாது. புகை வேறு இடங்களிலிருந்து வருகிறது, மும்பையிலிருந்தும். ஆனால் சுரங்கத் தடை இதன் கையில். 2048க்குப் பின் அதை மறுபரிசீலனை செய்யச் சொல்லி எந்த ஓட்டுரிமை நாடும் கேட்கலாம். மாற்றம் நடைமுறைக்கு வர, 1991இல் ஓட்டுரிமை பெற்றிருந்த 26 நாடுகளும், ஒன்று விடாமல், ஒப்ப வேண்டும். அந்த 26இல் இந்தியா ஒன்று. 1983 அவசரத்தில் கிடைத்த பூட்டு இது. விக்ரோலிக்காரர் சார்பில் ‘மாட்டேன்’ என்று சொல்ல அங்கே ஒரு ஆள் உண்டு. மாலத்தீவுக்காரருக்கு இல்லை. இலங்கை உடன்படிக்கையிலேயே இல்லை என்பதால், மன்னார்த் தீவில் கடலோரம் குடியிருப்பவருக்கும் இல்லை.