உண்ண மறுக்கும் குழந்தை

இறைவன் அளித்த உணவைக் குழந்தை தள்ளிவிட்டால் நமக்குக் கோபம் வருகிறது. "ரிஜ்க்கை உதறாதே" என்று அதட்டுகிறோம். மடியில் கிடத்தி வாயில் திணிக்கவும் செய்கிறோம். பிடிவாதம் என்று நாம் பெயரிடும் இது, சில பிள்ளைகளிடம் ஒரு நோயாகவே இருக்கிறது.

உணவுக்குழலின் உட்சுவரில் ஈஸினோபில் என்னும் வெள்ளையணுக்கள் குவிந்து அழற்சியை உண்டாக்குகின்றன. அன்றாட உணவின் ஒவ்வாமையே பெரும்பாலும் காரணம். அதிலும் பாலே முன்னிற்கிறது. சின்னஞ்சிறு பிள்ளை வாந்தியெடுக்கும். சற்று வளர்ந்த பிள்ளை ஒவ்வொரு கவளத்துக்கும் தண்ணீர் குடிக்கும்; இறைச்சியை நெடுநேரம் மென்றுகொண்டேயிருக்கும். கவனியாது விட்டால் ஆண்டுகள் செல்லச் செல்லக் குழலே குறுகிவிடலாம்.

1995-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள், அமிலத்துக்கான சிகிச்சையில் குணமடையாத 10 பிள்ளைகளுக்கு வழக்கமான உணவை நிறுத்தி, அமினோ அமிலங்களாலான சத்துக் கரைசலைக் கொடுத்தனர். 8 பேருக்குத் தொல்லை நீங்கியது, இருவருக்குக் குறைந்தது. பழைய உணவைக் கொடுத்ததும் தொல்லையும் திரும்பிற்று. அப்படியானால் அந்தப் பிள்ளைகள் அத்தனை காலமும் வாய் மூடிச் சொன்னது பொய்யல்லவே!

தொண்டை வழியே குழாய் விட்டு, துணுக்கெடுத்து ஆராய்ந்தே இந்நோயை உறுதிசெய்கிறார்கள். அமிலம் குறைக்கும் மருந்தும், விழுங்கும் ஸ்டீராய்டு மருந்தும் உண்டு. பகையான உணவை விலக்குவது மற்றொரு வழி. நம் குடும்பங்களுக்குச் சோதனை இங்கேதான்.

வலீமா விருந்தில் பெத்தும்மா ஒரு கரண்டி பால் பாயசத்தை மறைவாக ஊட்டுவார். "ஒன்றும் ஆகவில்லையே, வீணாகப் பயமுறுத்துகிறீர்கள்" என்பார். அவர் அன்பில் குறையில்லை. ஆனால் இது உடனே தடித்து வீங்கும் ஒவ்வாமையன்று. அழற்சி நாட்கணக்கில், வாரக்கணக்கில் சேருவது. கண்ணுக்குத் தெரியாததால் தீங்கில்லை என்றாகுமா? பிள்ளை நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத். பத்தியத்தை மறைவில் முறிப்பவர், எந்த உணவு பகை என்ற கணக்கையே கெடுக்கிறார். மறுபடி குழாய் விடவேண்டிய வேதனையோ பிள்ளைக்கு.

உணவை விடுவது நன்றி கேடும் அன்று. நபி (ஸல்) அவர்கள் எவ்வுணவையும் பழித்ததில்லை. ஆயினும் உடும்பு இறைச்சி பரிமாறப்பட்டபோது உண்ணாமல் விட்டார்கள். உடனிருந்த காலித் இப்னு வலீத் (ரலி) உண்டார்கள்.

அதற்காக நாமாகவே பாலை நிறுத்திவிடவும் கூடாது. வளரும் உடலுக்கு அதற்கு ஈடானது வேண்டும், மருத்துவரைக் கேட்டே செய்ய வேண்டும். விருந்து வைப்பவர்கள், பாலும் நெய்யும் ஆகாத பிள்ளைக்கென எண்ணெயில் ஆக்கிய சோறு ஒரு தட்டு எடுத்து வைக்கலாம்; பெத்தும்மாவே அதை ஊட்டட்டும்.