பூவாக்கும் 1,416 பேரும்

கல்யாணமோ, மனை வாங்குவதோ, எது இழுபறியானாலும் தம்மம்பட்டியில் எங்கள் வீட்டார் குலதெய்வக் கோயிலில் பூவாக்குக் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். ஒரு குழந்தை வந்து எடுப்பதுதான் ஆத்தாளின் பதில். அண்ணனுக்கு இரைப்பையில் புற்று என்று சேலத்தில் சொன்னதும் அத்தை அதைத்தான் சொன்னார்: "வயித்தக் கிழிக்கறதா, ஓட்ட போட்டு எடுக்கறதா? ஆத்தாகிட்டயே கேட்டுப்புடலாம்டா."

சிரித்திருப்பேன். டாக்டர் சொன்ன கணக்கு சிரிக்க விடவில்லை. தென்கொரியாவில் 2006 முதல் 2010 வரை, இரைப்பையின் கீழ்ப்பகுதியில் தொடக்க நிலைப் புற்று கண்ட 1,416 பேரை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். யாருக்கு எந்த ஆபரேஷன் என்பது டாக்டர் கையிலும் இல்லை, நோயாளி கையிலும் இல்லை, எல்லாம் குலுக்கல். ஒரு பாதிப் பேருக்கு மேல்வயிற்றை நீளமாகக் கீறினார்கள். மறுபாதிக்குச் சில துளைகள், உள்ளே கரியமில வாயு, கேமரா. ஐந்து வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் துளையில் 94.2 சதவீதம், கீறலில் 93.3. புண் ஆறுவதில் சிக்கல் துளைக்காரர்களுக்குக் குறைவு. சீனாவில் இன்னும் முற்றிய புற்றுள்ள 1,056 பேரை வைத்துப் பார்த்தபோதும் மூன்று வருஷக் கணக்கில் பெரிய வித்தியாசமில்லை.

ஆக, விஞ்ஞானமும் பூப் போட்டுத்தான் பார்த்திருக்கிறது! டாக்டரிடம் விட்டால் ஒல்லியான, திடமான ஆட்களைத் துளைக்கு ஒதுக்கிவிடுவார், கணக்கு பொய்யாகும். அதனால் விருப்பு வெறுப்பில்லாத ஒன்றிடம் பொறுப்பை விட்டார்கள். அத்தை செய்வதும் அதுதானே?

ஆனால் கொரியாவின் குலுக்கல் ஊருக்கெல்லாம் பொதுவாகக் கேட்கிறது, அத்தையின் பூ ஒருவனுக்காகக் கேட்கிறது. அண்ணன் அந்த 94 பேரில் ஒருவனா, மிச்ச ஆறில் ஒருவனா என்று எந்த ஆராய்ச்சியும் சொல்லாது. அந்த இடத்தில் ஆத்தாளைக் கூப்பிடுபவரைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. அதே ஆத்தாளிடம், கட்டி கணையத்தில் ஒட்டியிருக்கிறதா என்று கேட்டால் கோபம் வரும். அது ஸ்கேன் சொல்ல வேண்டிய பதில். நம் சோம்பலுக்குச் சாமியை ஆள் வைக்கக் கூடாது.

மரத்தில் சாமி செதுக்கிப் பிழைக்கிற எனக்கு முதலில் தோன்றிய கேள்வி, ஆபரேஷன் செய்யப்போகிற கைக்கு இது எத்தனையாவது வயிறு என்பதுதான். கேட்டேன். டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டிலும் பழகியவர், கட்டியும் சின்னது, எதுவானாலும் சரி என்றார். அதற்குப் பிறகே கோயிலுக்குப் போனோம். அண்ணன் பெண் வெள்ளைப் பொட்டலத்தை எடுத்தாள். துளை என்று முடிவானது. சிவப்பு வந்திருந்தால் கீறலுக்கும் அதே மனசோடு கையெழுத்துப் போட்டிருப்போம்.

உங்கள் வீட்டில் இப்படி ஒரு நாள் வந்தால் பூப் போடுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன்னால், புற்று எந்த நிலையில் இருக்கிறது, துளையில் ஆரம்பித்துச் சிக்கலானால் உடனே திறந்து செய்வீர்களா என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.