காற்றுக்குக் கொடுத்த காது

வள்ளியூர் தாண்டி, காவல்கிணற்றில் நாகர்கோவில் பக்கம் வண்டியைத் திருப்பினால் ஆனி, ஆடியில் காற்று ஆளையே தள்ளும். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே நெருக்கியடித்துக்கொண்டு வருகிற தென்மேற்குப் பருவக்காற்று அது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அதை நம்பித்தான். அந்த ரோட்டில் பைக் ஓட்டுகிறவர்களிடம் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பக்கவாட்டில் அடிக்கிற காற்று, லாரி, திடீரென்று குறுக்கே வரும் ஆடு என்பார்கள். சத்தம் என்று ஒருவரும் சொல்லமாட்டார்.

சத்தம் என்றால் நமக்கு நினைவு வருவது சைலன்சரை மாற்றிவிட்டு ஓட்டுகிற பையன்களும் ஏர் ஹாரன் வைத்த பஸ்ஸும். அதைத் திட்ட ஆள் இருக்கிறது. ஆனால் நெடுஞ்சாலையில் தினம் போய்வருகிறவரின் காதைப் பெரும்பாலும் கெடுப்பது காற்று. வேகம் 60, 70ஐத் தாண்டியதும், ஹெல்மெட்டில் மோதித் தாடைக்குக் கீழே, கழுத்தோரம் சுழல்கிற காற்றின் இரைச்சல் எஞ்சின் சத்தத்தை அமுக்கிவிடுகிறது. 60 கிலோமீட்டர் வேகத்திலேயே அது 90 டெசிபெல்லை நெருங்கிவிடும். 100ஐத் தொட்டால் 95லிருந்து 100 வரை போகும். வண்டிக்கும் ஹெல்மெட்டுக்கும் தக்கபடி கொஞ்சம் கூடும், குறையும். விலை கூடிய ஹெல்மெட் வாங்கினால் சரியாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். இரைச்சல் உண்டாவதே ஹெல்மெட்டின் மேலேயும் விளிம்பிலும்தான். அந்த 'கும்'மென்ற அடித்தொனியை உள்ளே இருக்கிற தெர்மாக்கோலும் மெத்தையும் தடுப்பதில்லை. மண்டைக்கு ஹெல்மெட் கட்டாயம் வேண்டும். காதுக்கு வேறு ஒன்று வேண்டும்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. தொழிலாளர் உடல்நலத்தை ஆராயும் அமெரிக்க அரசு நிறுவனம், 85 டெசிபெல் என்றால் நாளுக்கு 8 மணி நேரம் என்று வரையறுத்திருக்கிறது. அதற்குமேல் 3 டெசிபெல் கூடக்கூட நேரம் பாதியாகும். 88க்கு 4 மணி நேரம், 91க்கு 2 மணி நேரம், 100க்கு வெறும் 15 நிமிடம். நம் ஊர்த் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேர வேலைக்கு 90தான் எல்லை என்கின்றன. சங்கரன்கோவில் பக்கம் விசைத்தறி ஓடுகிற தெருக்களில் வயதானவர்கள் வீட்டுத் திண்ணையிலும் உரக்கப் பேசுவதைக் கேட்டிருப்பீர்கள். தறிக்கூடத்துக்காவது விதி என்று ஒன்று இருக்கிறது. ரோட்டில் வேலை பார்க்கிறவருக்கு அதுவும் இல்லை.

எனக்கு நெருங்கிய அண்ணாச்சி ஒருவர் மெடிக்கல் ரெப். வாழ்நாளில் பாதியைத் திருநெல்வேலிக்கும் நாகர்கோவிலுக்கும் இடையே பைக்கில் கழித்தவர். காதுப் பரிசோதனை அறையில் அவருக்கு ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்களாம். வரைபடத்தில் கோடு நேராக வந்து 4000 ஹெர்ட்ஸ் பக்கம் குழியில் விழுந்து கிடந்தது. இரைச்சலால் கெட்ட காதுகளில் பெரும்பாலும் அங்கேதான் அந்தக் குழி விழும். உட்காதில் சத்தத்தை வாங்கி நரம்புக்குக் கொடுக்கிற மயிர்க்கலங்கள் காதுக்கு 15,000 அளவில்தான் பிறவியிலேயே அமைகின்றன. கோழிக்குஞ்சுக்குச் செத்த கலம் திரும்ப முளைக்கும். நமக்கு முளைக்காது.

அந்தக் குழி வீட்டில் எப்படித் தெரிகிறது என்பதுதான் என்னை உறுத்துவது. உயிரெழுத்தின் ஓசை கனமானது, கேட்டுவிடும். மெல்லிய மெய்யொலிகள் நழுவிவிடும். தட்டா, பட்டா, கட்டா என்று ஊகிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் குழந்தைகளின் குரலில் ரொம்பக் கஷ்டம். பேத்தி வந்து, "தாத்தா, எந்தக் கலர் அடிக்கட்டும்?" என்று கேட்டாள். அண்ணாச்சி முகம் மலர்ந்து, "ஆமா, ஆமா" என்றார். அவள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, கிரேயானைத் தூக்கிக்கொண்டு ஆச்சியிடம் போய்விட்டாள். அவருக்கு வலி இல்லை, ரத்தம் இல்லை. காது கேட்கவில்லை என்றுகூட அவர் அப்போது நினைக்கவில்லை, "இந்தக் காலத்துப் பிள்ளைய வாயத் தொறந்து பேசுதா?" என்று என்னிடம் கேட்டார்.

காலை ஒடித்துக்கொண்டால் அது நம் கால். காது அப்படியில்லை. அதில் பாதி நம்மோடு பேசுகிறவர்களுக்குச் சொந்தம். நாம் இழப்பதை முதலில் அவர்கள்தான் உணர்கிறார்கள். திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்து, 'ஒண்ணுமில்ல, விடுங்க' என்று முடிக்கப் பழகுகிறார்கள். அடிபட்டால் ஊரே கூடுகிறது, இதற்கு யாரும் கூடுவதில்லை. ஆபத்து என்பதை ரத்தத்தை வைத்தே அளக்கப் பழகிவிட்டோம். மெதுவாகப் போவதை வயசு என்று சொல்லி ஒத்துக்கொள்கிறோம். அண்ணாச்சிக்குப் போனது வயசால் மட்டும் போனதல்ல.

காதுக்கு வேறு ஒன்று வேண்டும் என்றது இயர் பிளக்கைத்தான். அதைச் சொன்னதும் எல்லோரும் கேட்பது ஒன்றே: பின்னால் வருகிற லாரி கேட்க வேண்டாமா? நியாயமான கேள்வி. கூலிங் கிளாஸ் போட்டால் ரோடு மறைந்தா போகிறது? கூச்சம் குறைந்து நன்றாகவே தெரிகிறது. காதிலும் அதுதான் நடக்கிறது. பிளக் காற்றிரைச்சலையும் ஹாரனையும் சேர்த்தே குறைக்கிறது. இரைச்சலில் திணறிக்கொண்டிருந்த காது, தனக்குத் தோதான அளவுக்கு வந்ததும் ஹாரனைப் பிரித்து எடுத்துக்கொள்கிறது. நெடுந்தூரம் ஓட்டி இறங்கினால் தலைக்குள் ரீங்காரமும் இனம்தெரியாத அசதியும் இருக்குமே, அதுவும் வெகுவாகக் குறைகிறது. பிளக் இருக்கிறது என்று கண்ணாடி பார்க்காமல் லேன் மாறுவது மட்டும் கூடாது. பாட்டுக் கேட்கிற இயர்போன் இதற்கு மாற்றே அல்ல. காற்றை மீறிப் பாட்டு கேட்க வேண்டுமானால் அதைவிடக் கூட்டித்தானே வைக்க வேண்டும்?

ஃபோம் பிளக் ஒரு ஜோடி, டீயும் வடையும் சாப்பிடுகிற காசுக்குக் கிடைக்கும். அண்ணாச்சிக்கு ஒரு டப்பா வாங்கிக்கொண்டு போனேன். "போனது போச்சு, இனிமே எதுக்குடே?" என்றார். மிச்சம் இருப்பதை வைத்துத்தான் பேத்தியோடு பேச வேண்டும் என்று சொன்னேன். பதில் சொல்லாமல் ஒன்றை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினார். அழுக்குக் கையோடு தொடக் கூடாது, மெல்லிய திரிபோல ஆகும்வரை உருட்ட வேண்டும், மறு கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னும் இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும், அது விரிகிற வரை அரை நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். வலது கையைத் தலையைச் சுற்றிக் கொண்டுவந்து இடது காதைப் பிடித்தபடி அவர் கேட்டார்:

"இப்படியா? இன்னும் கொஞ்சம் இழுக்கணுமோ?"