யாத்திரையின் எட்டாவது நோக்கம்

தொழிற்பயிற்சி வயிற்றுப்பாட்டுக்கான ஏற்பாடு மட்டுமா, அன்றி ஆன்மிக வாழ்வின் ஓர் உறுப்பாகவும் கொள்ளத்தக்கதா என்ற கேள்விக்கு இந்தியத் தத்துவ மரபு ஒரே குரலில் விடை சொல்லவில்லை. முண்டக உபநிடதம் அறிவைப் பரவித்தை, அபரவித்தை என இரண்டாகப் பகுத்து, அழிவற்றதை உணர்த்தும் அறிவை முன்னதாகவும், நான்கு வேதங்களையும் இலக்கணம் முதலான அவற்றின் அங்கங்களையும் பின்னதாகவும் கொள்கிறது. வேதமே இரண்டாம் நிலையில் நிற்கும் அந்தப் பகுப்பில் தச்சனின் அறிவும் கொல்லனின் அறிவும் பேசப்படவே இல்லை. சங்கரரோ, கருமம் உள்ளத்தைத் தூய்மைப்படுத்துமேயன்றி ஞானத்தை நேரே தராது என்று கொண்டு, ஞானமும் கருமமும் இணைந்தே வீடுபேறு தரும் என்னும் கொள்கையை, அதாவது ஞானகர்ம சமுச்சயத்தை, உறுதியாக மறுத்தார்.

சங்கரரின் அத்வைத மரபிலேயே நின்ற ஸ்ரீநாராயண குரு, ஒரு புனித யாத்திரையின் நோக்கங்களில் தொழில்நுட்பப் பயிற்சியையும் சேர்த்தார் என்பது தத்துவ வரலாற்றில் போதிய கவனம் பெறாத செய்தி. 1928 ஜனவரியில், கோட்டயம் நாகம்படம் சிவன் கோயிலில், வல்லபசேரி கோவிந்தன் வைத்தியரும் டி. கே. கிட்டன் ரைட்டரும் வர்க்கலை சிவகிரிக்கு ஆண்டுதோறும் யாத்திரை நடத்த இசைவு கேட்டபோது, மஞ்சள் ஆடை உடுத்திய யாத்திரிகர்கள் கூட்டமாக வந்து திரும்புவதால் மட்டும் பயனில்லை எனக் கருதிய குரு, கல்வி, தூய்மை, இறைபக்தி, அமைப்பாகத் திரளுதல், வேளாண்மை, வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி என்னும் எட்டு நோக்கங்களை வகுத்து, ஒவ்வொன்றையும் பற்றித் துறை வல்லுநர்களைப் பேசச் செய்து, கேட்டவர்கள் அதை வாழ்க்கையில் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றார். பட்டு வேண்டாம், இருக்கும் வெள்ளைத் துணியையே மஞ்சளில் முக்கி உடுத்தினால் போதும் என்று சொன்ன சிக்கனமும் அந்த உரையாடலைச் சேர்ந்ததே. அவ்வாண்டு செப்டம்பரில் குரு சமாதியடைந்தார். முதல் யாத்திரை 1932 இறுதியில் இலவும்திட்டையிலிருந்து புறப்பட்டது.

கருமத்தால் ஞானம் பிறவாது என்றால், ஓர் அத்வைதி ஏன் பட்டறையையும் இயந்திரத்தையும் யாத்திரைக்குள் கொண்டுவர வேண்டும்? பசித்தவனுக்கு வேதாந்தம் ஏறாது என்பது எளிய விடை. அது பொய்யன்று, ஆனால் முழுமையன்று; மீதி விடை குரு பிறந்த ஊர்ச்சூழலில் இருக்கிறது. குரு பிறந்த செம்பழந்தி திருவனந்தபுரம் நகரின் வடபுறத்தில் உள்ளது. நகரின் தென்பகுதியில், பத்மநாபசுவாமி கோயிலுக்கு அருகே, வராகர் கோயிலையும் அதன் பெரிய குளத்தையும் கொண்ட ஸ்ரீவராகம் உள்ளது. திருவிதாங்கூர் அரசின் ஆளுகையிலிருந்த கோயில்கள் 1936 நவம்பர் 12ஆம் நாள் வெளியான கோயில் நுழைவுப் பிரகடனம் வரை, குரு பிறந்த ஈழவர் சமூகம் முதலானோருக்கு மூடியே கிடந்தன. மூழ்கிய நிலமகளை வராக வடிவில் இறங்கித் தூக்கிய தெய்வத்தை வணங்கிய ஊரில், நிலத்தில் உழைத்தவர்களுக்கு வாசல் அடைத்திருந்தது. எல்லா உயிரிலும் ஒன்றே நிற்கிறது என்று ஏட்டில் ஏற்றுக்கொண்ட சமூகம், இன்ன கை இன்னதைத்தான் தொடலாம் என்று நடைமுறையில் விதித்திருந்ததால், எந்தத் தொழிலையும் எவரும் கற்கலாம் என்பது அத்வைதத்துக்கு வெளியே நின்ற சீர்திருத்தமன்று. அத்வைதம் உலக வழக்கில், அதாவது வியாவகாரிக நிலையில், மெய்யாகிறதா என்பதைக் காட்டும் சோதனை.

தன் தொழிலாலேயே இறைவனை அருச்சித்து ஒருவன் நிறைவடைகிறான் என்ற கீதையின் பதினெட்டாம் அத்தியாயக் கருத்து இங்கே கவனத்துடன் கையாளத்தக்கது. தொழிலின் மேன்மையைச் சொல்லும் அதே கருத்து, தொழில் பிறப்பால் வருவது என்ற உரையோடு சேரும்போது பூட்டாகிவிடுகிறது. 1953இல் சென்னை மாநிலத்தில் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம், பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வழிசெய்தது. கைவேலைக்கு மதிப்பளிப்பதே அதன் நோக்கமாகச் சொல்லப்பட்டாலும், குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு 1954இல் கைவிடப்பட்டது. தொழிலைக் கற்பிப்பதை எவரும் எதிர்க்கவில்லை; யார் எதைக் கற்பது என்பதைப் பிறப்பு முடிவு செய்வதையே எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பு நியாயமானது.

சமுதாயக் கல்லூரி, அதாவது உள்ளூரின் தேவைக்கேற்பக் குறுகிய காலத் தொழிற்படிப்புகளை, மேற்படிப்புக்கு வழியில்லாதோருக்கும் திறந்துவைக்கும் நிறுவனம், இந்தப் பின்னணியில் வெறும் வேலைவாய்ப்புத் திட்டமாகத் தோன்றாது. 1995இல் புதுவைப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னை மயிலைக் கத்தோலிக்க உயர்மறைமாவட்டமும் இத்தகைய கல்லூரிகளைத் தொடங்கின. 2013க்குப் பின் பல்கலைக்கழக மானியக் குழுவின் திட்டமாகவும் இது விரிந்தது. நோயாளிப் பராமரிப்புப் பயிற்சி ஒன்றை நெருங்கிப் பார்த்தால் நுட்பமும் அறமும் பிரிக்கமுடியாதபடி கலந்திருப்பது தெரியும்: படுக்கையில் கிடப்பவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும்; இழுத்தால் தோல் உரசிப் புண்ணாகும் என்பதால் விரிப்போடு சேர்த்துத் தூக்க வேண்டும்; குதிகாலிலும் இடுப்பெலும்பிலும் வால் எலும்பின் மேலும் தோல் சிவந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். இந்த விழிப்பைத் தியானம் என்று புகழ்வது எளிது. குறைந்த கூலிக்கு அந்தப் புகழ் ஈடாகாது என்பதையும் உடனே சொல்லியாக வேண்டும்.

எனவே எட்டாவது நோக்கத்தின் அளவுகோலைக் கொண்டு ஒரு தொழிற்படிப்பை மதிப்பிடுபவர், படித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்பதோடு நிறுத்திக்கொள்ள இயலாது. குழாய் பொருத்தும் வகுப்பிலும் துப்புரவு மேற்பார்வை வகுப்பிலும் கணினி வகுப்பிலும் எந்தெந்த வீட்டுப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும், ஒரு வகுப்பிலிருந்து இன்னொன்றுக்கும் அங்கிருந்து பட்டப்படிப்புக்கும் மாறிச் செல்லும் வழி அவர்களுக்குத் திறந்திருக்கிறதா என்றும் அவர் கேட்டாக வேண்டும்.