தள்ளுபடியும் தவணையும்

 

கடன் கொடுத்தவன் மனமிரங்கும் வழி இரண்டென்பது வர்த்தகர்களாகிய நமக்குத் தெரியாததன்று. கடனை அடியோடு தள்ளுபடி செய்வது ஒன்று. தவணை கொடுத்துக் காத்திருப்பது மற்றொன்று. பிள்ளை பெற்ற தாய்க்கு அல்லாஹு தஆலா இவ்விரண்டு சலுகைகளையும் அருளியிருக்கிறான். நிபாஸ் எனும் பேறுகால உதிரப்போக்கு உள்ளவரை அவள் தொழ வேண்டியதில்லை. விடுபட்ட தொழுகைகளைப் பின்னர் களாச் செய்யவும் வேண்டியதில்லை. அது தள்ளுபடி. ரமலான் நோன்பையோ பிறகு நோற்றால் போதும். அது தவணை.

படைத்தவனே தன் கடனில் இவ்வளவு இரக்கம் காட்டியிருக்க, நம் கடைக்குரிய வேலையை மட்டும் அவளிடம் ஒரு காசு குறையாமல் வசூலிப்பது எந்த நியாயம்?

பிறரைக் குறை சொல்லுமுன் நம் கடையிலேயே நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். மருமகள் நாற்பது முடிந்து தலைக்குக் குளித்த மறுவாரமே பெட்டியடிக்கு வந்துவிட்டார். "நாற்பதுதான் கழிந்துவிட்டதே, இனியென்ன?" என்று நாமும் இருந்துவிட்டோம். வேலையில் வேகமில்லை என்று முணுமுணுக்கவும் செய்தோம். ஒருநாள் மதியக் கூட்டத்தில் கண் இருண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் நின்ற பிறகே விசாரித்தோம். இரவில் இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து பாலூட்டியிருக்கிறார். பகலில் பால் கட்டி மார்பு வலித்தும், ஆண்கள் நிறைந்த கடையில் எழுந்து போக வெட்கப்பட்டிருக்கிறார். மருத்துவர் பார்த்ததில் உடம்பில் இரும்புச்சத்து மிகவும் குறைந்திருந்தது. நாம் சோம்பல் என்று நினைத்தது சோகை! அன்று நாம் நாணித் தலைகுனிந்தோம்.

நிபாஸின் உச்ச அளவு ஹனபி மத்ஹபில் 40 நாள். ஷாபிஈ மத்ஹபில் 60 நாள். இது தொழுகைக்கு மீளும் கணக்கேயன்றி, உடம்பு தேறிவிட்டதற்கான அத்தாட்சியன்று. கருப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஏறத்தாழ 6 வாரங்கள் ஆகும். வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்திருந்தால் உட்புண் ஆற இன்னும் நாளாகும். இழந்த இரத்தம் ஊறவும் மாதங்கள் பிடிக்கும். திருமறையின் லுக்மான் அத்தியாயம் தாயின் சுமையைப் பலவீனத்தின் மேல் வந்த பலவீனமாகக் காட்டி, பால்குடி மறக்கும் காலத்தை இரண்டாண்டுகள் என்று குறிப்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

நீண்ட நேரம் தொழுவிக்க எண்ணி நின்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஒரு குழந்தையின் அழுகுரல் கேட்டதும், தாயின் மனம் தவிக்குமே என்று தொழுகையைச் சுருக்கிக்கொண்டார்கள் என ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. ஒரு தாய்க்காக ஜமாஅத்துத் தொழுகையே சுருங்கிற்று. நம் கடை நேரம் சுருங்கக் கூடாதா?

தீபகற்ப மலேசியாவில் பேறுகால விடுப்பு 2023 ஜனவரி 1 முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. சிங்கப்பூரில், பிறந்த குழந்தை குடியுரிமை பெற்றதாயின், தகுதியுள்ள தாய்க்கு 16 வாரம் உண்டு. கூலிக்கு வரும் பெண்ணுக்குச் சட்டம் இதைத் தருகிறது. சம்பளப் பட்டியலில் பெயரில்லாமல் கடையைத் தாங்கும் நம் மனைவிக்கும் மருமகளுக்கும் நாளெண்ணிக் கொடுப்பவர் யார்? நாமல்லவா கொடுக்க வேண்டும்!

ஆகவே சகோதரர்களே, வேலைக்குத் திரும்பும் தாய்க்கு முதல் சில மாதங்கள் நேரத்தைக் குறைத்துக் கொடுங்கள். அதற்காகக் கூலியைக் குறைக்காதீர்கள். நிற்க வைக்காமல் நாற்காலி போடுங்கள். அரிசி மூட்டையைத் தூக்கச் சொல்லாதீர்கள். மூன்று மணிக்கொரு தரம் பால் எடுக்கத் தாழ்ப்பாளுள்ள ஓர் அறையும், அதை வைக்கக் குளிர்பெட்டியில் ஓர் இடமும் ஒதுக்குங்கள். வாடிக்கையாளருக்கு விருந்து படைக்கும் நம் சாப்பாட்டுக் கடைகளில் அவளுக்குச் சூடாக ஒரு வேளை மீனும் கீரையும் கிடைக்காமற் போகலாமா? கணவன்மார்களே, இரவில் பிள்ளை அழுதால் நீங்களும் எழுந்திருங்கள். பால் குடித்த பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக் கொடுப்பது ஆண்மைக்கு இழுக்கன்று.

நின்ற உதிரம் மீண்டும் மிகுதியாகப் போனாலும், காய்ச்சல் கண்டாலும், ஒரு கால் வீங்கி வலித்தாலும், மூச்சு முட்டினாலும் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். இரண்டு வாரமாகியும் ஓயாத அழுகையும் வெறுமையும் மாறாவிடில் அதுவும் நோயே. ஈமான் குறைவென்று ஏசாதீர்கள். துஆவும் செய்வோம், மருத்துவமும் பார்ப்போம்.

நம் கைக்குக் கீழ் உழைப்போர் நம் சகோதரர்கள். தாங்கவொண்ணாத சுமையை ஏற்றக்கூடாது, ஏற்றினால் நாமும் கைகொடுக்க வேண்டும் என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. தாயின் தளர்ச்சியில் இரங்குவோர் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம்மையும் சேர்த்து, நம் வியாபாரத்தில் பரக்கத்து அருள்வானாக! ஆமீன்.